தொகுதி நாற்பத்து நான்கு

ஜாப்ஷே நகரம். ஜனவரி. இரவு பத்து.
வெளியே பனி, பனியின்மேல்
இந்த ஊர் விட்டுக்கொடுக்காத கரிப்பொடி.
நீர்த்தொட்டியில் முப்பத்தேழு பாகை,
காய்ச்சலில்லாத உடம்பின் சூடு.
அதற்குள் இரண்டு பீக்கர்கள்
ஆடிக்கொண்டிருக்கின்றன.

ஒன்றில் இரத்தத்தைப் போல உப்புநீர்.
மற்றதில், கட்டிக்குள் போய்ச் சேர்ந்தால் இருக்கும்
அந்தக் கொஞ்சம் புளிப்பு.
ஒவ்வொன்றிலும் ஒரு சவ்வுப் பை,
சுண்டுவிரல் நீளம், இருமுனையிலும் கவ்வி.
உள்ளே நான் கோத்த சங்கிலிகள்
பந்தாய்ச் சுருண்டு
சிவப்பு மருந்தை மடியில் முடிந்துவைத்திருக்கின்றன.

மடியில் கனம். ஆனாலும்
வழியில் பயப்படக் கூடாது.
இதயத்தைத் தாண்டும்போது வாய் திறக்கக் கூடாது,
மயிர்க்காலில் கூடாது, குடலில் கூடாது.
புளிக்கும் இடம் வந்ததும்
கணுக்கணுவாய் அறுந்து
கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டு
தானும் துண்டாகிச்
சிறுநீரோடு போய்விட வேண்டும்.
நன்றி, மாலை, எதுவும் கிடையாது.

முப்பத்தொன்றாம் தொகுதி
உப்புநீரிலேயே உளறிக்கொட்டிவிட்டது.
முப்பத்தெட்டு கல்லுளிமங்கன்:
மூன்று நாள் புளிப்பில் ஊறியும்
மூச்சுவிடவில்லை.
அவ்வளவு உறுதியாய்க் கட்டியது நான்தான்.
அன்றைக்குக் குறிப்பேட்டில்
"தோல்வி, பிணைப்பு மிக நன்று" என்று எழுதினேன்.

இரண்டு மணிக்கொருதரம் ஒரு மில்லி எடுக்கிறேன்.
எடுத்த இடத்தில் புதிதாய் ஒரு மில்லி.
கடன் வைப்பதில்லை.

பன்னிரண்டு மணிக்குக் காவலர் கின்டர் வந்தார்.
சுரங்கம் மூடும்வரை சுரங்கத்தில் இருந்தவர், என் வயது.
காப்பி இயந்திரம் மறுபடி காசை விழுங்கிவிட்டதாம்.
என் பிளாஸ்கிலிருந்து ஜூர் ஊற்றிக் கொடுத்தேன்,
புளித்த ரை மாவுக் கஞ்சி.
"உடைவதற்கென்றே ஒன்றைச் செய்கிறீர்கள்,
அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்" என்றார்.
பிறகு, பூமிக்கடியில் பைன் மரத் தூண்
முறியுமுன் முனகும், ஓட நேரம் கிடைக்கும்,
இரும்புத் தூண் சொல்லாமல் மடங்கும் என்றார்.
என் சங்கிலி முனகாது கின்டர்.
அது அப்படியெல்லாம் இல்லை.
கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நல்ல உவமைதான். வேண்டாமென்றுதான் இருந்தது.

இதே சிவப்பை நான் முதலில் பார்த்தது
கிளிவிட்சேயில், ஒரு கொக்கியில்
தலைகீழாய்த் தொங்கிய பையில்.
கீழே என் தங்கை ஹல்ஷ்கா
பனிக்கட்டி மென்றுகொண்டு
குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.
அந்த மருந்துக்கு முகவரி கிடையாது,
எல்லாக் கதவையும் தட்டியது.
கட்டி போயிற்று. முடி போய்த் திரும்பி வந்தது,
முன்னைவிடச் சுருட்டையாக.
இதயம் மட்டும் பழையபடி ஆகவில்லை.
இரண்டாம் மாடிக்கு ஏறும்போது
நடுப்படியில் உட்கார்ந்து
தபால் பார்க்கிற பாவனை செய்கிறாள்.
என்னைப் பற்றி எங்கேயும் எழுதாதே என்றிருக்கிறாள்.
எழுதவில்லை, ஹல்ஷ்கா.
இது பீக்கர்களைப் பற்றியது.

இரண்டு மணி: ஒன்றுமில்லை.
நான்கு மணி: புளிப்புப் பீக்கரில்
ஓர் இளஞ்சாயம். கண்ணின் ஆசையோ என்று
வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தேன்.
ஆசை இல்லை.
ஐந்துக்கு, எடுக்கும் நேரமில்லாத நேரத்தில்,
சும்மா போய்ப் பார்த்தேன்.
ஆறுக்கு, பீட்ரூட் கழுவிய தண்ணீர்.

முதல் டிராம் வளைவில் கிறீச்சிட்டபோது
தொலைபேசி ஒலித்தது.
இந்நேரத்துக்கு எழும் ஒரே ஆள்.
"உடைந்துவிட்டதா?"
"உடைந்துவிட்டது."
"எது, அந்தக் கழுதையா?"
"அது முப்பத்தெட்டு. இது நாற்பத்து நான்கு."
அந்தப் பக்கம் சிரிப்பு, பிறகு இருமல்,
பிறகு மூச்சு வாங்கும் அந்த இடைவெளி.
அதை இப்போதெல்லாம் நான் எண்ணுவதில்லை என்று
சொல்லிக்கொள்கிறேன்.

சிவப்பை எல்லோரும் வந்து பார்த்தார்கள், படமெடுத்தார்கள்.
நான் மற்றப் பீக்கரை ஜன்னலருகே கொண்டுபோனேன்.
எட்டு மணி நேரம், இரத்தத்தின் சூட்டில்.
அதன் வழியே கரிப்பனி தெரிந்தது,
டிராம் தெரிந்தது, இரவு முடிந்து
தொப்பியைக் கையில் பிடித்தபடி
தெருவைக் கடக்கும் கின்டர் தெரிந்தார்.
ஒரு துளிச் சாயமில்லை.